மூங்கில் குருத்துக் கூட்டு

அந்தச் சனிக்கிழமை காலை ஒரு முடிவோடு எழுந்தேன். இன்றைக்கு என் மனைவியை அழ வைக்க வேண்டும்.

அவசரப்பட்டு என்னைக் கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். என் பெயர் வில்லியம். தூத்துக்குடிக்காரன். பாலம் தாண்டி, புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் எஞ்சினியர். மனைவி மார்த்தாவோடு பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுனுக்கு வந்து மூன்று வருஷமாகிறது. ஒப்பந்தம் முடியப்போகிறது. இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறாயா, ஊருக்குப் போகிறாயா என்று கம்பெனி கேட்டிருந்தது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும்.

நான் 'போகலாம்' கட்சி. மார்த்தா 'இருக்கலாம்' கட்சி. எங்கள் வீட்டில் மொத்தமே இரண்டு ஓட்டுதான். அதிலும் எப்படியோ நான் பெரிய வித்தியாசத்தில் தோற்றுவிடுவேன்.

பேசி ஜெயிக்க முடியாது. அதனால் காய்கறியைக் களத்தில் இறக்கினேன். எனக்கு ஊர்க் காய்தான் தொண்டையில் இறங்கும். எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, சேனைக்கிழங்கு என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. திட்டம் இதுதான்: மார்த்தாவின் கை படாத பினாங்குக் காயாகப் பார்த்து வாங்கி வந்து கொடுப்பேன். திணறுவாள். கருகும். கசக்கும். கண் கலங்கும். "ஊருக்கே போயிரலாங்க" என்பாள். நான் பெரிய மனசு பண்ணிச் சம்மதிப்பேன்.

மார்த்தாவின் பையை எடுத்துக்கொண்டு, சூலியா தெருவைத் தாண்டி அவள் வழக்கமாகப் போகும் சந்தைக்குப் போனேன். மூன்று வருஷத்தில் நான் அங்கே நுழைவது அதுதான் முதல் தடவை. முக்காடு போட்ட ஒரு தமிழ் அம்மா கடையில் இருந்தார்.

"என்ன வேணும் அண்ணே?"

"இருக்கறதுலயே சமைக்கக் கஷ்டமானது எது?"

ஏற இறங்கப் பார்த்தார். "எல்லாரும் லேசானதத்தான் கேப்பாங்க. நீங்க என்ன அண்ணே?"

"வீட்டுல கொஞ்சம் கத்துக்கட்டும்னுதான்."

"அப்டிச் சொல்லுங்க லா! மழைக்கு ரெபோங் வந்திருக்கு. மூங்கில் குருத்து. ரெண்டு தடவ வேக வெச்சுத் தண்ணிய ஊத்தணும். இல்லாட்டி ஒரே கசப்பு. வீட்டுல சொல்லிருங்க."

"கண்டிப்பா" என்றேன். சொல்வதாக உத்தேசமில்லை.

அதோடு, பலாக்காய்க்குத் தம்பி மாதிரி சுக்குன் என்று ஒன்று. சேக்கூர் மானிஸ் என்று ஒரு கட்டுக் கீரை. போடும்போது பையை ஒரு தடவை பார்த்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். சிரித்தார். வியாபாரச் சிரிப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் மார்த்தா பையைத் திறந்து பார்த்தாள். "சரி" என்றாள். அவ்வளவுதான்.

அவள் கீரையை ஆய்ந்தாள். நான் கூடத்திலிருந்து அவள் முகத்தை ஆராய்ந்தேன். ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். தோற்கப்போகிறவள் பாடுவாளா?

மதியம் தட்டு வந்தது. கூட்டை எடுத்து வாயில் வைத்தேன். கசக்கவில்லை. நன்றாக இருந்தது. அதைவிட மோசம், தெரிந்த ருசியாக இருந்தது.

"மார்த்தா, இது வாழைத்தண்டுதானே?"

"நீங்க வாங்கிட்டு வந்த மூங்கில் குருத்து."

"இந்த முருங்கைக்கீரை?"

"சேக்கூர் மானிஸ். அந்தச் சேனை வறுவல் சுக்குன்."

"போன வாரம் சாப்பிட்டது?"

"இதேதான். முதல் மூணு மாசம் நான் என்ன வெச்சாலும் 'இது என்னது'ன்னு தட்டத் தள்ளினீங்க. அப்புறம் சந்தையில அந்தந்த மாசம் எது வருதோ அத வாங்கினேன். பேர மட்டும் ஊர்ப் பேரா மாத்தினேன். ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க."

"நான் இதத்தான் வாங்கிட்டு வர்றேன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சந்தைக்கடை ஹபீபா அக்கா போன் பண்ணாங்க. பைய வெச்சுத்தான் நீங்கன்னு கண்டுபிடிச்சாங்களாம். மூங்கில ரெண்டு தடவ வேக வெக்கணும்னு அவர் சொல்ல மாட்டார், நீயே பாத்துக்கன்னாங்க."

கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அந்த முதல் மூன்று மாதம்தான் ஞாபகத்துக்கு வந்தது. பாஷை தெரியாத சந்தையில் இவள் கையைக் காட்டிக் காட்டிக் காய் வாங்கியிருப்பாள். அதைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்து சமைத்திருப்பாள். நான் தட்டைத் தள்ளியிருக்கிறேன். அழ வேண்டிய அழுகையையெல்லாம் அவள் அப்போதே அழுது முடித்திருந்தாள். நான் பார்க்கவில்லை.

"ஏங்க, நெசமாவே எதுக்கு ஊருக்குப் போகணும்ங்கறீங்க?" என்றாள், மெதுவாக.

காய்கறியைச் சொல்ல இனி வழியில்லை. "இங்க என்னை யாருக்கும் தெரியலடி. பஸ்ல போறேன், மெஷினப் பாக்கறேன், பஸ்ல வர்றேன்."

அவள் சிரிக்கவில்லை. எனக்கு இன்னொரு கரண்டி கூட்டு வைத்தாள். "சந்தைக்கு என்கூட வாங்க. ரெண்டு சனிக்கிழம போதும்."

மூன்று வருஷமாக நான் பினாங்கில் பஸ்ஸில் போய்ப் போய் வந்துகொண்டு மட்டும் இருந்தேன். அவள் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டாள். நிறைய நேரம் யோசித்தேன். தட்டில் கை காய்ந்துபோனது. கடைசியில், குடும்பத் தலைவனுக்கு உரிய கம்பீரத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எல்லாக் கோணத்துலயும் யோசிச்சுட்டேன் மார்த்தா. இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே இருப்போம்."

"சரிங்க. வீட்டு ஓனரம்மாகிட்ட அத நான் போன வாரமே சொல்லிட்டேன். சுவத்துக்குப் பெயின்ட் அடிக்க நாலு மணிக்கு ஆள் வருது, கையக் கழுவிட்டு பீரோவ நகத்துங்க."