முதுகில் கட்டிய ஹார்ட் டிஸ்க்

எங்கள் தெருவில் யாரோ போர்வெல் போடுகிறார்கள். பாறையை இடிக்கும் அந்தச் சத்தம் ஜன்னல் கம்பியில் ஏறி, என் பல்லுக்குள் இறங்கி, நினைவில் கிடந்த ஸ்டெப்னி அண்ணனை எழுப்பிவிட்டது.

உலகத்தில் எதுவும் ஒருநாள் பஞ்சராகியே தீரும் என்று மனதார நம்பிய ஒரே மனிதர் அவர்தான். திருச்செங்கோட்டில், போர்வெல் போடும் ரிக் வண்டி ஆபீஸில் எனக்குப் பக்கத்து மேஜை. பைக்குள் இரண்டு கண்ணாடி, இரண்டு பூட்டு, இரண்டு சீப்பு. தலையில் சீவ ஒன்றுமில்லை.

ஆபீஸ் லேப்டாப் விண்டோஸோடு பிறந்தது. வைரஸுக்குப் பயந்து அண்ணன் அதை அழித்து லினக்ஸ் போட்டார். அன்றிலிருந்து அவரைத் தவிர யாருக்கும் அது அடங்கவில்லை.

"கட்டிக்குடுத்து வந்த புள்ளைங்க இது. பொறந்த ஊட்டு வழக்கமெல்லாம் இங்க செல்லாது. பதமாத்தான் பேசோணும்" என்பார்.

வாங்கி வைத்திருந்த பேக்கப் மென்பொருள் அதில் ஓடாது. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும், கறுப்புத் திரையில் கட்டளைகளைக் கையாலேயே அடித்து, பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்கில் பிரதி எடுப்பார். நாங்கள் போட்ட ஒவ்வொரு போர்வெல்லும் எத்தனை அடி, எந்த அடியில் தண்ணீர் என்ற விவரம் அத்தனையும் அதில்தான்.

ஒருநாள் முதலாளி அந்த டிஸ்கைத் தன் விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகிவிட்டார். லினக்ஸ் எழுதியது அதற்குப் புரியவில்லை.

"ஏப்பா, ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேக்குது. சரின்னு சொல்லிரட்டுமா?"

அண்ணன் சாப்பிட்ட கையோடு பாய்ந்தார். மவுஸெல்லாம் ரசம். "வேண்டாமுங்க! சரின்னா அத்தனை கெணறும் தூந்து போயிருமுங்க!"

அன்றே டிஸ்கை லேப்டாப்பின் முதுகில் டியூப் ரப்பரால் இறுக்கிக் கட்டினார். "ஸ்டெப்னிய வண்டியிலதானுங்க கட்டுவாங்க. ஊட்டுல வெச்சா ஆவுமா?" ரிக் ஊரில் இதை மறுத்துப் பேச யாருக்குத் தோன்றும்? எனக்கும் தோன்றவில்லை.

மேச்சேரிப் பக்கம் ஒரு விவசாயியின் காட்டில் ரிக் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் ஸ்டூலில் லேப்டாப்பை வைத்து ஆழத்தைப் பதிந்துகொண்டிருந்தார். யாரும் எதிர்பார்க்காத அடியில் தண்ணீர் பீறிட்டது. சேறும் பாறை மாவுமாகப் பனை உயரம். காட்டுக்காரர் அழுதார், சிரித்தார், அண்ணனைத் தூக்கிச் சுற்றினார். இறக்கிவிட்டபோது ஸ்டூலின் மேல் லேப்டாப்பும் ஸ்டெப்னியும் ஒரே குழம்பு. இரண்டுமே பிழைக்கவில்லை.

பத்தே நாளில் வாழப்பாடியிலிருந்து சரசக்கா வந்தார். புருஷன் இருந்தபோது நாங்கள் போட்ட போர் வற்றிவிட்டது, பாக்குத்தோப்பு காய்கிறது. பழைய துளை எத்தனை அடி என்று தெரிந்தால்தான் அதையே ஆழப்படுத்துவதா, புதிதாகப் போடுவதா என்று முடிவு செய்ய முடியும்.

"அவருக்குத் தெரியும். அவருக்கு அப்புறம் உங்க பொட்டிக்குத்தான் தெரியும்" என்றார்.

பெட்டி செத்த கதையை அண்ணன் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

துளையை நேரிலாவது பார்ப்போம் என்று மறுநாள் அவருடைய மொபெட்டில் வாழப்பாடி போனோம். என் இடுப்பு சேலத்திலேயே கழன்றுவிட்டது. வற்றிய துளையருகே அண்ணன் குத்தவைத்து உட்கார்ந்தார். வேலிக்கு அப்பால் பாக்கு உரித்துக்கொண்டிருந்த பக்கத்துத் தோப்புக்காரர் குரல் கொடுத்தார். வரப்புத் தகராறில் அவருக்கும் சரசக்காவுக்கும் பேச்சில்லை. அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நானூத்திப் பத்து அடி, சார். முந்நூத்தி அறுபதுல தண்ணி. நாங்கெல்லாம் சுத்தி நின்னு பார்த்தோமே. நீங்கதான் பொட்டிய விட்டுத் தலையைத் தூக்கவே இல்ல."

"நிச்சயமாங்க?"

"கல்யாணத் தேதிகூட மறந்துரும். இது மறக்குமா?"

"நானூத்திப் பத்துதானா!" சரசக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அப்ப இதையே இன்னும் ஆழமா இறக்கிடலாம்." பிறகு வேலிப் பக்கம் திரும்பி, யாருக்கோ சொல்வதுபோல், "காப்பி போடறேன், குடிச்சிட்டுப் போகச் சொல்லுங்க" என்றார்.

தோப்பிலிருந்து ஊருக்குள் திரும்பும் வழியில் அண்ணன் இரண்டு இடத்தில் வண்டியை நிறுத்தினார். இரண்டும் நாங்கள் போட்ட போர். இரண்டு தோப்புக்காரர்களும் யோசிக்காமல் அடியைச் சொன்னார்கள்.

வாழப்பாடி பஸ் ஸ்டாண்டில் என்னை இறக்கிவிட்டு, மொபெட்டை மறுபடி உதைத்தார்.

"நீங்க பஸ்ஸுல போங்க. மீதிப் பேரையெல்லாம் ஒவ்வொருத்தராக் கேட்டுக்கிட்டு வாரேனுங்க. போன்ல சொல்றேன், எழுதி உங்க ஊட்டுல வெச்சுக்கோங்க சாமி. எங்கிட்ட வேண்டாம்."