மணல்மேட்டுச் சதைக்கொடி பற்றிச் சம்பந்திக்கு

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்தவன் பணிவோடு எழுதுவது. இங்கே என் இடுப்பைத் தவிர அனைவரும் நலம். அங்கே நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் நலம் என்று மகள் சொன்னாள். உங்கள் தோட்டத்தில் தடித்த இலையும் பளிச்சென்ற பூவுமாகப் படரும் சதைக்கொடியும் நலமாக இருப்பதுதான் இக்கடிதத்துக்குக் காரணம்.

பூ அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அது உங்கள் பின்சுவரைத் தாண்டிக் கடலோர மணல்மேடு முழுக்கப் படர்ந்து, மணலைப் பிடித்து நிற்கிற புல்லையெல்லாம் மூடிக் கொன்றுவிட்டது. அதன் வேரோ ஆழம் போகாமல் மேலோடு நிற்பது. ஒரு பெருங்காற்று போதும், பாயைச் சுருட்டுவதுபோல் மேட்டையே சுருட்டிக்கொண்டு போய்விடும். அப்புறம் கடல் நேரே உங்கள் கூடத்துக்குத்தான் வரும். அதனால்தான் ஓய்வுபெற்ற நாங்கள் பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்து பிடுங்கி, காய்ந்து சாகட்டும் என்று வேர் மேலே பார்க்கக் குவித்தோம். சம்பந்தியம்மா பார்த்திருக்கிறார்கள். "ஐயோ, பச்சைப் பிள்ளைய இப்படியா வெயில்ல போடுவாங்க?" என்று ரப்பர் குழாயை இழுத்துவந்து சாயங்காலம் முழுக்கத் தண்ணீர் பாய்ச்ச, குவியல் அப்படியே வேர் விட்டது. சரி, போகட்டும். மறுபடி பிடுங்கிச் சாக்கில் கட்டி லாரிக்காக வைத்தால், நீங்கள் அதைச் சரிவில் அடுக்கிவிட்டு, "சும்மாதானே கெடந்துச்சு சம்பந்தி, காத்துக்குத் தடுப்பா இருக்கட்டும்" என்கிறீர்கள். சாக்குத் தையல் வழியே தளிர் எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்துப் பதறி ஓடினேன், கொடி வழுக்கியது, மேட்டு உச்சியிலிருந்து அடிவாரம் வரை உருண்டேன். இடுப்புக் கதை இதுதான்.

படுத்துக் கிடக்கையில் மகள் போன் செய்தாள்.

"அப்பா, நீங்க செடியப் புடுங்கினதுல அத்தை காலையிலேர்ந்து சாப்பிடல."

"நீ சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"அப்ப சரி, நாளைக்கும் புடுங்குவேன்."

கோபிக்காதீர்கள். உங்கள் முன் நான் எப்போதும் கைகட்டித்தான் நிற்பேன். ஆனால் கடலுக்குச் சம்பந்தி உறவெல்லாம் தெரியாது. இந்த ஞாயிறு இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டாவது குழுவோடு வருவேன். மேட்டோடு நிறுத்த மாட்டோம். உங்கள் தோட்டத்துத் தாய்க்கொடியையும் வேரோடு எடுப்போம். கதவைச் சாத்தினால் வாசலிலேயே உட்காருவோம்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் இருவருக்கும் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் பணிவுள்ள, ஆனால் பின்வாங்காத சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் ஒரு செய்தி. சம்பந்தியம்மா மனம் மாறி, நேற்றே தாய்க்கொடியைத் தம் கையாலேயே பிடுங்கிவிட்டார்களாம். கண் கலங்கிவிட்டது. ஆனால் தூக்கி எறிய மனம் வராமல் என் மனைவிக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார்கள். அவள் அதை எங்கள் கொல்லை நெடுக நட்டு, தண்ணீரும் ஊற்றி, "சம்பந்தி வீட்டுச் சீர், கைய வெச்சீங்கன்னா பாருங்க" என்கிறாள். ஆகவே ஞாயிறு குழு என் வீட்டுக்கு வருகிறது. கதவு சாத்தியிருக்கும். நீங்கள் மண்வெட்டியோடு கொல்லைப் பக்கமாக வரவும்.