பட்டாளத்தார் காதுல பாசிமணி

"இந்த உடம்புல இனிமே ஒரு ஊசி ஏறாது. ஏற விடமாட்டேன்."

பட்டாளத்தார் இப்படி ஒரு சபதம் எடுத்தாரு. வாய்விட்டு இல்ல, மனசுக்குள்ள. வாய்விட்டுச் சொல்ற நிலைமையில அவரு இல்ல. இருபத்திநாலு வருஷம் ராணுவத்துல வயர்லெஸ் பெட்டியை முதுகுல சுமந்த மனுஷன். காதோரமா குண்டு பறந்த கதையைத் தெருவுல பால் ஊத்துறவர்ல இருந்து தபால்காரர் வரைக்கும் ஆளுக்கு ரெண்டு தடவை சொன்னவரு. அப்படிப்பட்ட ஆளுக்கு ஊசின்னா குலை நடுங்கும்னு வெளியே தெரிஞ்சா? பட்டாளத்துல தடுப்பூசிக்கு வரிசை கட்டுறப்பல்லாம் இவரு சமையல் கூடத்துல உருளைக்கிழங்கு உரிச்சுக்கிட்டு இருப்பாரு. அது அவருக்கும் கிழங்குக்கும் மட்டும் தெரிஞ்ச ரகசியம்.

பெட்டி முதுகை விட்டு இறங்கிப் பதினோரு வருஷம் ஆச்சு. வலி மட்டும் இறங்கல. இடுப்புல பிடிச்சு, வலது கால் பெருவிரல் வரைக்கும் சுண்டி இழுக்கும். செருப்பு மாட்டுறதுக்கே அவருக்குக் கால் மணி நேரம் வேணும்.

வீட்டம்மா தையல்காரங்க. முன் அறையில மெஷின். முப்பது வருஷம் குனிஞ்சு தைச்சதுல அந்தம்மாவுக்குக் கழுத்து இறுகிப் போச்சு. பின்னாடி திரும்பணும்னா பீரோவை நகர்த்துற மாதிரி மொத்த உடம்பையும் திருப்பணும். அதுக்குக் கொஞ்ச நேரம் ஆகும். அந்தக் கொஞ்ச நேரம்தான் பட்டாளத்தாரோட சுதந்திரம். ஒவ்வொரு வாக்குவாதத்துலயும் தோத்த பிறகு, அந்தம்மா முதுகுக்குப் பின்னாடி நாக்கைத் துருத்துவாரு, மூக்கைச் சுளிப்பாரு, கண்ணை உருட்டுவாரு. அவங்க திரும்பி முடிக்கிறதுக்குள்ள முகம் அட்டென்ஷன்ல நிக்கும். குடும்பம் இத்தனை வருஷம் ஓடினது அந்த ஒரு வசதியிலதான்.

ஒரு நாள் குண்டு விழுந்துச்சு.

"என்னங்க, முன்னாள் வீரர்கள் ஆஸ்பத்திரியில வலிக்கு அக்குபங்சர் ஆரம்பிச்சிருக்காங்க. எட்டு செவ்வாய்க்கிழமை, காலையில பத்து மணிக்கு. உங்க பேரைக் குடுத்துட்டேன்."

"என்னைக் கேக்காமயா?"

"கேட்டா வேணாம்பீங்க."

"எனக்கென்ன பயமா? நேரம் வேணாமா?"

"பயம்னு நான் சொல்லவே இல்லியே."

அந்தம்மா மெஷினுக்குத் திரும்புற வரைக்கும் பட்டாளத்தார் காத்திருந்தாரு. அந்தம்மா முதுகைப் பாத்து நாக்கை மட்டும் வெளியே விட்டாரு.

முதல் செவ்வாய். சிகிச்சை அறைக் கதவுல வட்டமா ஒரு கண்ணாடி. எட்டிப் பாத்தாரு. பீரங்கிப் படையில இருந்த ஆளு போல, மலை மாதிரி உடம்பு, குப்புறப் படுத்திருக்காரு. முதுகு பூரா ஊசி. அந்தக் கோலத்துல குறட்டை வேற.

பட்டாளத்தார் அதுக்கு மேல பாக்கல. அப்படியே அபவுட் டர்ன். 'இது ஓட்டம் இல்ல, படையை இடம் மாத்துறது'ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு, மூணு தெரு தள்ளி இருந்த நூலகத்துல போய் உக்காந்தாரு. ஒரே செய்தித்தாளை ரெண்டு மணி நேரம் படிச்சாரு. ஒரு வரி உள்ளே போகல.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை.

"எத்தனை ஊசி?"

"நாப்பது."

"நாப்பதா! பத்துப் பன்னெண்டுன்னுதானே நோட்டீஸ்ல போட்டிருக்கு?"

"சர்வீஸுக்குத் தக்கபடி குத்துறாங்க."

"எங்கே, குத்தின இடத்தைக் காட்டுங்க."

"தடம் தெரியாது. அதுதான் இந்த வைத்தியத்தோட விசேஷமே."

"காதுல மட்டும் குட்டியா அஞ்சு ஊசி வெச்சு அனுப்புவாங்களாமே? நாலு நாள் அப்படியே இருக்குமாம். அதைக் காணோம்?"

பட்டாளத்தார் காதைத் தடவினாரு. "அது... ரெண்டாவது வாரத்துல இருந்து."

ரெண்டாவது செவ்வாய் கிளம்புறதுக்கு முன்னாடி தையல் டப்பாவுல கையை விட்டாரு. வெள்ளி நிறத்துல கடுகளவு பாசிமணி, அஞ்சு. நூலகக் கழிப்பறைக் கண்ணாடி முன்னாடி நின்னு, பசை தொட்டு ஒண்ணொண்ணா காதுல ஒட்டினாரு. பழக்க தோஷம், அஞ்சும் பரேடுல நிக்கிற மாதிரி ஒரே நேர்கோட்டுல நின்னுச்சு.

"நல்லா வரிசையா வெச்சிருக்காங்களே" அப்படின்னாங்க வீட்டம்மா. அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கல. கேக்காததுதான் அவரை உறுத்துச்சு.

அடுத்த சிக்கல் முன்னேற்றம். குணமே ஆகலன்னா 'நானும் கூட வந்து டாக்டரைக் கேக்குறேன்'னு கிளம்பிடுவாங்க. அதனால மூணாவது வாரம் "முப்பது சதவீதம் போயிடுச்சு"ன்னாரு.

"அப்படியா! அப்போ இந்தத் தையல் மெஷினை ஜன்னல் பக்கம் தள்ளுங்க."

தள்ளினாரு. இடுப்புல மின்னல் வெட்டுச்சு. கண்ணு ரெண்டும் குளமாச்சு.

"ஏங்க கண்ணு கலங்குது?"

"ஆனந்தம்."

நாலாவது வாரம் அறுபது சதவீதம். பரண்ல இருந்த ட்ரங்குப் பெட்டி இறங்குச்சு. அஞ்சாவது வாரம் எண்பது. பீரோ அறை மாறுச்சு. வலி குறையக் குறைய வலி கூடிக்கிட்டே போன ஒரே நோயாளி உலகத்துலயே இவராத்தான் இருப்பாரு.

போன் அடிச்சா ஆஸ்பத்திரியோன்னு நெஞ்சு அடிச்சுக்கும். அடிக்கலன்னா ஏன் அடிக்கலன்னு அடிச்சுக்கும். தூக்கத்துல மணி உதிர்ந்துடுமோன்னு ஒரு பக்கமாவே படுத்ததுல, நல்லா இருந்த தோளும் வலிக்க ஆரம்பிச்சுது. இதுல செவ்வாய்க்கிழமை மட்டும் மதியச் சாப்பாடு லேட். ஏன்னு கேக்க அவருக்குத் தெம்பு இல்ல. கேள்வி கேக்குற வீட்டுல பதில் கேள்வியும் வருமே.

அந்தச் சமயத்துல சட்டைக்கு அளவு கொடுக்க மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மா வந்தாங்க. அடக்கமான குரல்.

"ஐயா, காதுல என்ன?"

கேக்க ஆள் கிடைச்சா பட்டாளத்தார் விடுவாரா? "அக்குபங்சர்மா. ஒரு தடவைக்கு நாப்பது ஊசி. கண்ணைச் சிமிட்ட மாட்டேன். அந்த டாக்டர் வயசானவரு, என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'இவ்வளவு நெஞ்சழுத்தக்காரரை என் சர்வீஸ்ல பாத்ததில்ல'ன்னு அழுதுட்டாரு."

"அழுதுட்டாரா!"

"நான்தான் தேத்தி அனுப்பினேன்."

கண்ணாடிக்காரம்மா ரொம்ப மரியாதையாத் தலையாட்டினாங்க. வீட்டம்மா வாயில பிடிச்சிருந்த குண்டூசியை எடுக்காமலே இருமினாங்க.

ஏழாவது செவ்வாய் முடிஞ்ச மறுநாள், அதே அம்மா சட்டையை வாங்க வந்தாங்க. கையில ஒரு சின்னத் தோல்பை.

"சட்டை தயார். காலர்ல மட்டும் அஞ்சு மணி குறையுது" அப்படின்னாங்க வீட்டம்மா.

"பரவாயில்லம்மா, அது எங்க இருக்குன்னு தெரியும்." கண்ணாடிக்காரம்மா குனிஞ்சு பட்டாளத்தார் காதை உத்துப் பாத்தாங்க. "ஐயா, நீங்க சொன்ன அந்த வயசான டாக்டரை எங்க ஆஸ்பத்திரி முழுக்கத் தேடிட்டேன். அந்த அறையில டாக்டர்னு நான் ஒருத்திதான் இருக்கேன்."

பட்டாளத்தார் முகத்துல ரத்தம் இல்ல. தெருவுக்குத் தெரியப் போகுது. பால்காரருக்கு, தபால்காரருக்கு, எல்லாருக்கும். மெதுவா வீட்டம்மா பக்கம் திரும்பினாரு.

"உனக்கு எப்போ தெரியும்?"

"முதல் செவ்வாய் பத்தரைக்கு. நர்ஸ் போன் பண்ணாங்க. கதவு வரைக்கும் வந்துட்டு ஓடிட்டாருன்னாங்க."

"ஓடல. இடம்..."

"சும்மா இருங்க. 'அந்த நேரம் வீணாப் போகுது, வீட்டுல வலி உள்ளவங்க வரலாம்'னாங்க. எனக்குத்தான் கழுத்து இருக்கே. நான் போய் வந்துக்கிட்டு இருக்கேன்."

"அப்போ அந்த மெஷின்? ட்ரங்குப் பெட்டி? பீரோ?"

"ஒரு தடவையாவது 'வலிக்குதுடி'ன்னு சொல்லுவீங்கன்னு பாத்தேன். பீரோ கூட நகர்ந்துடுச்சு, உங்க வாய் நகரல." அந்தம்மா குரல் கொஞ்சம் இறங்குச்சு. "ஊசியில நூல் கோத்துத் தாங்கன்னா முப்பது வருஷமாக் கூரையைப் பாக்குற ஆளு. எனக்குத் தெரியாதா? வெளியே யாருக்கும் சொல்ல மாட்டேன். சட்டையைக் கழட்டிட்டுப் படுங்க."

துணி வெட்டுற மேசையில பட்டாளத்தார் குப்புறப் படுத்தாரு. தோல்பை திறக்கிற சத்தம். கண்ணை இறுக்கி மூடினாரு. இடுப்புல சில்லுனு ஒண்ணு பட்டுச்சு.

"ஐயோ! அம்மா! செத்தேன்!"

எதிர் வீட்டு ஜன்னல் திறந்துச்சு. பக்கத்து வீட்டு ஜன்னலும் திறந்துச்சு. தெருவுல சைக்கிள் ஒண்ணு நின்னுச்சு.

"ஐயா, அது பஞ்சு" அப்படின்னாங்க டாக்டர்.

இனிமே மறைக்க ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லைன்னு ஆனதும் உடம்பு தானாத் தளர்ந்துச்சு. ஊசி எப்போ ஏறுச்சுன்னே தெரியல; முடி ஒண்ணு ஒட்டின மாதிரி இருந்துச்சு. பத்து நிமிஷம் போச்சு. பெருவிரலைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு இருந்த வலி, பிடியைக் கொஞ்சம் விட்டாப்ல இருந்துச்சு.

வீட்டம்மா மெஷினுக்குத் திரும்பி, அவரு காதுல இருந்து எடுத்த அஞ்சு மணியையும் காலர்ல கோக்க உக்காந்தாங்க. பட்டாளத்தார் தலையைச் சாய்ச்சு அந்த முதுகைப் பாத்தாரு. தோத்தது தோத்தாச்சு, நமக்குன்னு இருக்கிறது இது ஒண்ணுதானேன்னு, நாக்கை முழு நீளத்துக்கு வெளியே விட்டாரு.

அந்தம்மா உடம்பு அசையல. கழுத்து மட்டும் சட்டுனு திரும்புச்சு.

"பாத்துட்டேன். உள்ளே வைங்க."