தெல்மாவின் சிரிப்பைத் திருப்பி அனுப்பவும்

டெய்ட்டன், ஒஹையோ
செப்டம்பர் 1958

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மைத்துனர் லைனல் அவர்களுக்கு,

டெய்ட்டனிலிருந்து வெண்டல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே உங்கள் தங்கை தெல்மாவும் நானும் நலம். நலம் என்பது கடித மரியாதைக்காக எழுதியது. என் இடது கணுக்கால் நலமில்லை, என் தக்காளிச் செடிகள் நலமில்லை, தெல்மாவிடம் நலமா என்று கேட்டால் "ம்" என்கிறாள், அதை எந்தப் பக்கம் சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஹாலிவுட்டில் நீங்களும் உங்கள் மனைவி ரோவெனாவும் அந்தச் சின்ன நாயும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன கிறிஸ்துமஸுக்கு நீங்கள் அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டிக்கு நான் இன்னும் நன்றி சொல்லவில்லை. இப்போதும் சொல்வதாக இல்லை. உங்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் பொறாமைக்காரன் அல்ல. பக்கத்து வீட்டு க்ளேட்டனுக்குத் தலை நிறைய முடி இருக்கிறது, எனக்கு இல்லை. அதற்காக நான் ஒரு வார்த்தை பேசியதுண்டா? அவனுடைய புல்வெட்டி தானாக ஓடுகிறது, என்னுடையதை நான்தான் தள்ள வேண்டும், அதையும் விட்டுவிடுவோம். அவன் மனைவி காலமானதிலிருந்து எங்கள் தேவாலயத்துப் பெண்கள் முறை வைத்து அவனுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். டூனா மீனும் நூடுல்ஸும் சீஸும் போட்டு, கண்ணாடிப் பாத்திரத்தில் சுட்டு எடுப்பது. பாத்திரம் மாறிப்போகாமல் இருக்க அடியில் அவரவர் பெயரை எழுதி ஒட்டியிருப்பார்கள். புண்ணியமான காரியம். ஆனால் தெல்மாவின் முறை மட்டும் அடிக்கடி வருகிறது போல எனக்குத் தோன்றும், அவன் பாத்திரத்துக்கு மட்டும் மேலே மொறுமொறுவென்று உருளைக்கிழங்கு வறுவல் தூவப்படுகிறது, எனக்கு ரொட்டித்தூள்தான். கவனித்தேன், அவ்வளவுதான். பொறாமை வேறு, கவனிப்பது வேறு.

தெல்மாவின் சிரிப்பை உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, கூடப் பிறந்தவர். முதலில் மெதுவாகத்தான் ஆரம்பிப்பாள், அப்புறம் கெட்டிலில் தண்ணீர் கொதிப்பது மாதிரி மேலே மேலே ஏறும், சட்டென்று நின்றுவிடும், முடிந்தது என்று எல்லோரும் வேறு பேச்சுக்குப் போன பிறகு கடைசியாக ஒரு விக்கல் வரும். கல்யாணத்துக்கு முன்னால், மாவட்டச் சந்தையில் ராட்டினத்துக்கு வரிசையில் நின்றபோது எனக்குப் பின்னால் அந்த விக்கலைக் கேட்டுத் திரும்பினேன். முகத்தை அப்புறம்தான் பார்த்தேன். அந்தச் சிரிப்பு எங்கள் வீட்டில் கேட்டு வெகுகாலமாகிறது, மச்சான். நான் தினமும் சாப்பாட்டு மேஜையில் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லிப் பார்ப்பேன். "நல்லாருக்கு வெண்டல்" என்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவுவாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஈஸ்டர் சமயத்தில் எங்கள் டி.வி.யில் படம் கீழிருந்து மேலே ஓடிக்கொண்டே இருந்தது. கடைக்காரனைக் கூப்பிடச் சொன்னாள் தெல்மா. இதற்கெல்லாம் ஆள் எதற்கு என்று நானே பின்பக்கத்தைக் கழற்றிச் சரி செய்தேன். படம் ஓடுவது நின்றது. படமும் நின்றது, சத்தமும் நின்றது, மூடியபோது கைநிறைய திருகாணி மிச்சம் இருந்தது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் டி.வி. மேல் பூத்தொட்டிதான் இருக்கிறது. டி.வி. பார்க்காத மனிதனுக்கு உலகத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் போகும் என்பதை இந்த இடத்தில் நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

போன வியாழக்கிழமை சாயங்காலம். தெல்மா தேவாலயத்தில் பாட்டு ஒத்திகை என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். நான் தக்காளிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். க்ளேட்டன் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வருகிறது. மெதுவாக ஆரம்பிக்கிறது, ஏறுகிறது, நிற்கிறது. அப்புறம் விக்கல். என் கையில் குழாய் அப்படியே நின்றுவிட்டது, தண்ணீர் என் ஷூவுக்குள் போய்க்கொண்டிருப்பதுகூட எனக்குத் தெரியவில்லை. அடுத்து ஓர் ஆண்குரல், குழைந்து குழைந்து பேசுகிறது: "கண்ணே, உன் புருஷன் மட்டும் இப்ப உள்ள வந்தான்னா என்ன ஆகும்?" மறுபடியும் அதே சிரிப்பு! நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? குழாயைக் கீழே போட்டேன், அது பாட்டுக்குத் துள்ளி பின்வீட்டு எட்னா அம்மாள் காயப்போட்டிருந்த துணியையெல்லாம் மறுபடி நனைத்தது, புதர்வேலியைத் தாண்டினேன், கால்சட்டையில் பாதி வேலியிலேயே தங்கிவிட்டது, ஜன்னல் உயரமாக இருந்ததால் க்ளேட்டன் தோட்டத்தில் வைத்திருந்த இறைச்சி சுடும் அடுப்பின் மூடி மேல் ஏறினேன். அடுப்பில் அப்போதுதான் கரி மூட்டியிருக்கிறான் என்பது ஏறிய பிறகுதான் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. நனைந்த ஷூ இல்லையென்றால் இந்தக் கடிதத்தை ஆஸ்பத்திரியிலிருந்து எழுதியிருப்பேன். மூடி வழுக்கியது, கணுக்கால் மடங்கியது, நான் கத்தினேன், க்ளேட்டன் கையில் நீளமான முள்கரண்டியோடு சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்தான்.

"வெண்டல்? கீழ என்ன பண்ற?"

"தக்காளி எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்."

"எங்கிட்டதான் தக்காளியே இல்லையே."

"அதான் பாத்தேன், இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு."

நல்ல மனுஷன் மாதிரி கையைக் கொடுத்துத் தூக்கி, சமையலறையில் உட்கார வைத்துக் கணுக்காலுக்கு ஐஸ் எடுத்தான். குற்றமுள்ளவன்தான் இப்படி உபசரிப்பான் என்று நினைத்துக்கொண்டேன். மேஜையில் கண்ணாடிப் பாத்திரம். திருப்பிப் பார்த்தேன். தெல்மா! அவள் கையெழுத்து! மிச்சமிருந்த நூடுல்ஸ் என் மடியில் கொட்டியது. அந்த நேரம் பார்த்து முன்னறையிலிருந்து மறுபடியும் சிரிப்பு, மறுபடியும் விக்கல். பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நொண்டிக்கொண்டே ஓடினேன். "தெல்மா! வெளிய வா! எல்லாம் எனக்குத் தெரியும்!" திரைச்சீலைக்குப் பின்னால் பார்த்தேன், சோபாவுக்குப் பின்னால் பார்த்தேன், ஆள் இல்லை. அறையில் இருந்தது ஒரு பெரிய புது டி.வி., அதில் ஒரு பால்காரனும் ஒரு பெண்ணும், குளியல்தொட்டிக்குள் ஒரு பன்றிக்குட்டி. தேவாலயப் பரிசுச்சீட்டில் விழுந்த பன்றியைப் புருஷனுக்குத் தெரியாமல் ஒளிக்கிறார்களாம். பால்காரன் பன்றி மேல் விழுந்தான். என் பெண்டாட்டி சிரித்தாள். ஆமாம், டி.வி.க்குள்ளிருந்து! சத்தியமாகச் சொல்கிறேன், மச்சான், நான் மண்டியிட்டு அந்தப் பெட்டிக்குப் பின்னால் தலையை விட்டு அவளைத் தேடினேன்.

அந்த நிலையில்தான் முன்கதவு திறந்தது. எட்னா அம்மாள் திருடன் புகுந்துவிட்டான் என்று தேவாலயத்துக்குப் போன் செய்திருக்கிறாள். பாட்டுக் குழு மொத்தமும், நீள அங்கியைக்கூடக் கழற்றாமல், வாசலில் நிற்கிறது. முன்னால் தெல்மா. நான் மண்டி போட்டபடி, கிழிந்த கால்சட்டை, மடியெல்லாம் நூடுல்ஸ், கையில் அவள் பாத்திரம்.

"வெண்டல், அங்க என்ன தேடுற?"

"உன்னைத்தான்."

பாட்டுக் குழு சிரித்தது. க்ளேட்டன் முள்கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். டி.வி.யில் தெல்மா சிரித்தாள். வாசலில் நின்ற தெல்மா மட்டும் சிரிக்கவில்லை. "எழுந்திரு. வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

வீட்டில் வைத்துத்தான் சொன்னாள், அதுவும் பாத்திரம் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல். "டி.வி. நிகழ்ச்சிக்குச் சிரிப்புச் சத்தம் சேக்குறதுதானே எங்க அண்ணன் வேலை. அவர்கிட்ட ஒரு பெட்டி இருக்கு. பியானோ மாதிரி கட்டை கட்டையா இருக்கும். ஒண்ணை அழுத்தினா ஆம்பளைங்க சிரிப்பாங்க, ஒண்ணை அழுத்தினா கூட்டமே சிரிக்கும். போன வருஷம் நான் கலிபோர்னியா போனப்ப என்னைப் படப்பிடிப்புக்குக் கூட்டிட்டுப் போனாரில்ல, அப்பப் பதிவானது. இப்ப எல்லா நிகழ்ச்சியிலயும் அதைத்தான் போடுறாரு. நான் ஓரத்துல இருக்கிற கட்டை." அப்புறம் குழாயை மூடினாள். "நான் க்ளேட்டன் வீட்டுக்குப் போவேன்னு நீ நினைச்சுட்ட இல்ல?" நான் ஈரத்துணியை எடுத்து மடியிலிருந்த நூடுல்ஸைத் துடைத்தேன். அன்றிலிருந்து அவளிடம் எல்லாக் கேள்விக்கும் "ம்"தான்.

லைனல், இத்தனை நாள் நீங்கள் பார்ப்பது 'சத்தம் சம்பந்தப்பட்ட வேலை' என்று நினைத்திருந்தேன், மழை, இடி, கதவு தட்டுவது இப்படி ஏதோ. நீங்கள் என் வீட்டுச் சொத்தை எடுத்துப் பெட்டியில் வைத்து நாடெங்கும் வாரிக் கொடுக்கிறீர்கள் என்று தெரியாது. பொறாமை இல்லை என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். எனக்குப் பொறாமை. வயிறு எரிகிறது. இந்த வாரம் முழுவதும் டி.வி. கடையில் நின்று, க்ளேட்டன் ஜன்னலுக்குக் கீழே நின்று, கவனித்துவிட்டேன். நீச்சல்குளத்தில் விழும் பல் டாக்டருக்குத் தெல்மா சிரிக்கிறாள். முதலாளி சாப்பிட வரும் நாளில் கோழியை நாய்க்குப் பறிகொடுக்கும் கணக்கருக்குச் சிரிக்கிறாள். மனைவியின் பிறந்தநாளை மறந்துவிட்டு மாமியாருக்குப் பூங்கொத்து கொடுத்த அந்தத் தடியனுக்கு விக்கலோடு சிரிக்கிறாள். அமெரிக்காவில் உள்ள அத்தனை முட்டாள் புருஷன்களுக்கும் என் பெண்டாட்டி சிரிக்கிறாள், எனக்கு மட்டும் இல்லை. நான் அவர்களைவிட எதில் குறைந்துவிட்டேன்? அவர்கள் செய்ததையெல்லாம் வீட்டில் செய்து பார்த்துவிட்டேன். மாவு டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். வாளிக்குள் காலை விட்டு மாடிப்படி ஏறினேன், நல்ல காலைத்தான் விட்டேன், அதனால் இப்போது இரண்டும் வலிக்கிறது. "தரையைத் துடைச்சிடு" என்றாள்.

ஆகவே என் கோரிக்கை இது. அந்தக் கட்டையை உடனே பிடுங்கி, ஒலிநாடாவைச் சுருட்டி, என் பெயருக்கு அனுப்பிவைக்கவும். அது எனக்கு உரியது, சந்தையில் முதலில் திரும்பிப் பார்த்தவன் நான். இன்னொன்றும் மறைக்காமல் எழுதவும்: அன்றைக்கு மேடையில் நின்றவன் யார், தெல்மா அப்படிச் சிரிக்கும்படி என்ன செய்தான்? அழகனாகத்தான் இருப்பான். இருந்துவிட்டுப் போகட்டும். எதில் ஏறினான், எங்கே விழுந்தான், எந்தக் கால் முதலில் என்று விவரமாக எழுதினால் போதும், நான் செய்துகொள்கிறேன். எனக்கு அவள் பேசினால் போதும். சிரித்தால் இன்னும் நல்லது.

உங்கள் குடும்பத்தில் எல்லாச் செல்வமும் பெருகட்டும், உங்கள் நாய் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும், ரோவெனாவுக்கு என் பணிவான விசாரிப்புகள்.

இப்படிக்கு,
உங்கள் மேல் கடுங்கோபத்தோடும் மாறாத மரியாதையோடும்,
வெண்டல்

பி.கு.: மேலே உள்ள எதையும் பொருட்படுத்த வேண்டாம். தபால்தலை எங்கே என்று தெல்மாவிடம் கேட்டேன், யாருக்கு என்றாள், உங்கள் பெயரைச் சொன்னதும் கடிதத்தைப் பிடுங்கிச் சமையலறையில் நின்றபடியே படித்தாள். கடைசிப் பத்திக்கு வந்ததும் உட்கார்ந்துவிட்டாள். "மேடையில யாருமே இல்ல, வெண்டல். நிகழ்ச்சியே ஆரம்பிக்கல. எங்க அண்ணன் மைக்கைச் சரிபாத்துக்கிட்டே, வெண்டல் எப்படி இருக்கான்னு கேட்டாரு. நீ கார் ஷெட்டுக்கு பெயிண்ட் அடிச்சதைச் சொன்னேன்." ஞாபகம் இருக்கிறதா, மச்சான்? என் முதலாளி சாப்பிட வருகிறார் என்று ஷெட்டின் தரைக்கு வாசல் பக்கமிருந்து பெயிண்ட் அடித்துக்கொண்டே போய்ப் பின்மூலையில் மாட்டிக்கொண்டேன். முதலாளி உள்ளே வறுத்த மாட்டிறைச்சி சாப்பிட்டார், என் பங்கைத் தெல்மா இலை வாரும் கோலின் நுனியில் குத்தி வாசலிலிருந்து நீட்டினாள், நான் அங்கேயே நின்று முதலாளியின் உடல்நலத்தை விசாரித்தேன். அதைச் சொல்லிச் சிரித்ததுதானாம் அது. அந்தப் பல் டாக்டர், கணக்கர், தடியன் எல்லோரும் வாங்கிக்கொண்டிருப்பது என் சிரிப்பு! இதை நீங்களாவது எனக்கு ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா? எனவே கட்டையைப் பிடுங்க வேண்டாம். தாராளமாக அழுத்தவும், பாவம், அவர்களும் பிழைக்கட்டும். ஆரஞ்சுக்கு மிக்க நன்றி. அந்த ஷெட் கதையைச் சொல்லும்போதே தெல்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மெதுவாகத்தான் ஆரம்பித்தாள், ஏறியது, நின்றது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அப்புறம் விக்கல். பக்கத்து ஜன்னலிலிருந்து க்ளேட்டன் கத்தினான்: "வெண்டல்! உங்க வீட்டு டி.வி. சரியாயிடுச்சா?"

சரியாயிடுச்சு என்று சொல்லிவிட்டேன்.