தற்செயல் சாரின் ஊதா

இந்த முறையும் வெள்ளையாகத்தான் வந்தது.

ஆராய்ச்சி மாணவி குடுவையைச் சன்னலுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். எந்தப் பக்கம் திருப்பினாலும் வெள்ளை. பக்கத்து மேசை ஜூனியர் எட்டிப் பார்த்து, "லேசா ஊதா தெரியுதேக்கா," என்றாள். அது கண்ணாடியில் தெரிந்த ஜூனியரின் சட்டை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை இதே குடுவையில் ஊதாப் படிகம் வந்தது. வந்திருக்கவே கூடாது. அந்த இரண்டு வெள்ளைப் பொடிகளைக் கலந்து காய்ச்சினால் வெள்ளைப் படிகம் வரும் என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஊதா என்றால் யாரும் காணாத புதுப் பொருள். புதுப் பொருள் என்றால் டாக்டர் பட்டம். பட்டம் என்றால், மாற்றலாகிப் போன ஊரில் தனியாகச் சமைத்துத் தின்று இளைத்துக்கொண்டிருக்கும் கணவனிடம் போய்ச் சேரலாம். திங்கட்கிழமை பட்டக் குழு வருகிறது. அவர்கள் கண்ணெதிரே ஊதா வர வேண்டும். வராவிட்டால் இன்னும் இரண்டு வருஷம் இதே சன்னல்தான்.

அவளுடைய கைடுக்கு மாணவர்கள் வைத்த பெயர் தற்செயல் சார். வேதியியல் வரலாற்றில் உருப்படியான எதுவும் திட்டம் போட்டு நடந்ததில்லை என்பது அவர் கொள்கை. மலேரியாவுக்கு மருந்து தேடிய ஒரு பையன், கரியாகிப் போன குடுவையைக் கழுவப் போய்த்தான் ஊதாச் சாயத்தைக் கண்டான். அதை ராணியே உடுத்தினாள். அன்றைக்கு அவன் வேலை ஒழுங்காக முடிந்திருந்தால் சமுதாயம் இன்னும் மங்கலாகத்தான் இருந்திருக்கும். இதை வகுப்பில் சொல்வார், கல்யாண வீட்டில் சொல்வார், பல் பிடுங்கப் போன இடத்தில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னதாகவும் கேள்வி. வெள்ளை அங்கி கைராசி இல்லாதவர்களுக்கு, கையுறை பயந்தாங்கொள்ளிகளுக்கு, பால்பாயிண்ட் பேனா யோசிக்காமல் எழுதுகிறவர்களுக்கு என்று மூன்றையும் தொடமாட்டார்.

ஊதா வந்த அன்றே, சோதனைக்கு அனுப்பிவிடலாம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"முதல்ல மறுபடி வரட்டும்மா," என்றார். "இப்பவே அனுப்பினா நாலு பேர் பார்ப்பான். அப்புறம் கட்டுரையில நாற்பது பேரோட பேர் இருக்கும்."

படிகத்தைத் தீப்பெட்டியில் போட்டு, பார்த்தவர்களுக்கெல்லாம் காட்டினார். காட்டிக் காட்டி, கடைசியில் தீப்பெட்டிதான் மிஞ்சியது.

அவள் முதலில் குடுவையைப் பளபளவென்று கழுவிச் செய்து பார்த்தாள். வெள்ளை. "சுத்தமா செஞ்சா எப்படிம்மா வரும்?" என்று கைடு வருத்தப்பட்டார். கழுவாமல் செய்தாள். பழுப்பாக ஒன்று வந்தது. அதன் நாற்றத்தில் மாடியே காலியானது. அதன் பிறகுதான், அன்றைக்கு நடந்த அத்தனை தவறும் வரிசை மாறாமல் மறுபடி நடக்க வேண்டும் என்று கைடு உத்தரவு போட்டார்.

அன்றைக்குக் குழாய் ஒழுகியது. இடையில் யாரோ பொறுப்பாகச் சரி செய்துவிட்டிருந்தார்கள். அதை மறுபடி ஒழுக வைத்ததில் கீழ்மாடி இயற்பியல் துறை நனைந்தது. அவர்கள் வேதியியலோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்பும் பேசியதில்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு ஜூனியர் தும்மினாள். இப்போது அவளுக்குச் சளி குணமாகியிருந்தது. ஐஸ் தண்ணீர் குடிக்க வைத்தார்கள். தும்மல் வரவில்லை, காய்ச்சல் வந்தது. அன்றைக்கு ஆராய்ச்சி மாணவி தொலைபேசியில் கணவனோடு சண்டை போட்டாள். அந்தச் சண்டையும் வேண்டும் என்றார் கைடு.

அவள் கணவனைக் கூப்பிட்டாள்.

"போன மாசம் போட்ட சண்டையை மறுபடி போடணும்."

"எந்தச் சண்டை?"

"வியாழக்கிழமைச் சண்டை."

"அதுல யார் ஜெயிச்சது?"

"யாரும் ஜெயிக்கல. குடுவை பொங்கிடுச்சுன்னு வெச்சுட்டேன்."

"சரி. நான் முக்கியமா குடுவை முக்கியமான்னு கேட்டேனே, அங்கிருந்தா?"

"அதுக்கும் முன்னாடி. உங்க அக்கா வந்து தங்கறதிலேருந்து."

ஒத்திகையாகத் தொடங்கிய சண்டை அக்காவைத் தாண்டி, கல்யாணத்துக்கு முந்தைய காலத்துக்குப் போனது. அன்றைக்கு இதையெல்லாம் நீ சொல்லவில்லையே என்றான் அவன். அன்றைக்கு நேரமில்லை என்றாள் அவள். அத்தனையும் செய்து முடித்துத்தான் இன்றைக்கு வெள்ளை வந்திருந்தது.

அவள் குடுவையைக் கீழே வைத்தாள். கைடு அறைக்குப் போனாள்.

"சார், ஒண்ணு விட்டுப் போச்சு. அன்னைக்கு நீங்க வந்து திட்டினீங்க."

"நான் யாரையும் திட்டறதில்லையேம்மா."

"குடுவை மேல குனிஞ்சு, இது கொதிக்குதா தூங்குதான்னு கேட்டீங்க. ரொம்ப நேரம் கேட்டீங்க."

"அது அக்கறைம்மா."

"அந்த அக்கறைதான் சார் வேணும்."

திங்கட்கிழமை பட்டக் குழுவின் மூவரும் வந்து உட்கார்ந்தார்கள். வரலாறு நடப்பதைப் பார்க்கட்டும் என்று கைடு தன் மனைவியையும் அழைத்து வந்து மூலையில் உட்கார வைத்திருந்தார். குழாய் ஒழுகியது. ஜூனியர் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்து இரண்டு முறை தும்மினாள். சண்டை ஒலிபெருக்கியில் நடந்தது. குழு உறுப்பினர் ஒருவர், பையன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தார்.

கைடு எழுந்து வந்தார். குடுவை மேல் கவிழ்ந்த மாதிரி குனிந்தார். இது கொதிக்கிறதா தூங்குகிறதா என்று தொடங்கி, இந்தக் காலத்துப் பிள்ளைகள், அடுப்பு, அர்ப்பணிப்பு என்று திட்டிக்கொண்டே போனார். அவள் குடுவையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

முதலில் ஒரு கீற்று. பிறகு அடியிலிருந்து மேல்வரை, நல்ல அடர்த்தியான ஊதா.

மேசை மேலிருந்த தொலைபேசிதான், "வந்துச்சா?" என்று கேட்டது.

"வந்துச்சு," என்றாள்.

"அப்ப அக்கா விஷயம்?"

அவள் தொலைபேசியை அணைத்தாள். குழுத் தலைவர் எழுந்து அவள் கையைக் குலுக்கினார். இனி சோதனைக்கு அனுப்பலாம், பட்டத்துக்கு ஒரு தடையும் இல்லை என்று சொல்லிப் பரிந்துரைத் தாளை விரித்தார். கையெழுத்துப் போடச் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துவிட்டு, கைடு பக்கம் திரும்பி, "ஒரு பேனா குடுங்க," என்று கையை நீட்டினார்.

மூலையிலிருந்து கைடின் மனைவி சொன்னாள்:

"ஐயோ, அவரு பேனா வேணாங்க, குனிஞ்சா ஒழுகும். போன மாசம் ஒரு வியாழக்கிழமை ஒரு சட்டை ஊதாவாச்சு, இப்ப பாருங்க, இது ரெண்டாவது."