பாயில் உட்கார்ந்தவள் திருடி

ஊரே முழங்காலைத் தூக்கிக்கொண்டு ஓடியது. மருந்துக்கடை மாடிக்கு முட்டிச் சாமி வந்திருக்கிறாராம். ரப்பர் சுத்தியலால் முட்டிக்குக் கீழே ஒரு தட்டு. கால் துள்ளினால் யோக்கியன், துள்ளாவிட்டால் திருடன். கோர்ட்டில் வருஷக்கணக்காக இழுப்பதை இவர் ஒரே தட்டில் முடித்துவிடுகிறார். படிக்கட்டில் நிற்க இடமில்லை. பாதிப் பேருக்கு மூட்டுவலி வேறு.

மூத்த மருமகளும் அந்தக் கூட்டத்தில் நின்றாள். மாமியாரின் சங்கிலியைக் காணோம். சந்தேகம் இவள்மேல்தான். பின்னே, மூச்சுக்கு மூச்சு ‘அத்தை’ போடும் சின்னவள்மேலா வரும்? கால் துள்ளாவிட்டால் சாயங்காலமே பெட்டியோடு பிறந்தவீடு என்று முடிவாகியிருந்தது. புருஷன் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்கு முதுகெலும்பு இருக்கிறதா என்று யாரும் தட்டிப் பார்க்கவில்லை.

வாசலிலேயே சிஷ்யன், யார்மேல் சந்தேகம் என்று காதோடு காதாகக் கேட்டுக்கொண்டான். மாமியார் கண்ணாலேயே காட்டினாள்.

மூத்தவள் வேடிக்கை பார்த்தாள். சந்தேகப்பட்ட ஆளைப் பாயில் காலை நீட்டி உட்காரவைத்தார்கள். கூட வந்தவர்களுக்கு உயரமான பெஞ்சு, கால் தொங்க. பெஞ்சுக் கால்கள் துள்ளின. பாய்க் கால்கள் கட்டையாகக் கிடந்தன. நான் அப்பவே சொன்னேனே என்று ஆளாளுக்குப் பூரித்தார்கள்.

இவள் முறை வந்தது. நேரே போய்ப் பெஞ்சில் ஏறிக்கொண்டாள்.

“அங்க இல்லம்மா, பாயில,” என்றான் சிஷ்யன்.

“இடுப்பு வலி தம்பி. எங்க உக்காந்தா என்ன, உண்மை ஒண்ணுதானே?”

கூட்டம் தலையாட்டியது. சாமி வேண்டாவெறுப்பாகத் தட்டினார். கால் துள்ளி அவர் தாடியைத் தடவிவிட்டு வந்தது.

“அத்தை, இப்ப நீங்க பாயில உக்காருங்க,” என்றாள் மூத்தவள்.

மாமியார் பெருமையாகக் காலை நீட்டினாள். தட்டு. ஊஹூம். இன்னொரு தட்டு. அசைவே இல்லை.

“அடப்பாவி, என் சங்கிலிய நானே திருடிட்டேனா?” என்றவள், சுத்தியலைப் பிடுங்கிச் சாமியைப் பாயில் தள்ளி அவர் முட்டியிலேயே போட்டாள். கட்டை. பெஞ்சில் ஏற்றிப் போட்டாள். துள்ளல்.

“மடங்கித் தொங்கினா தொடைச் சதை இழுபட்டு நிக்கும், தட்டினா துள்ளும். நீட்டினா தொளதொளன்னு கிடக்கும். இதுல சாமி எங்க வந்தாரு?” என்றாள் மூத்தவள்.

அப்புறம் ஒரே திருவிழா. பெஞ்சுக்கும் பாய்க்கும் ஏறி இறங்கி, ஒருவரை ஒருவர் தட்டிச் சிரித்தார்கள். சாமி பின்படியில் இறங்கி ஓடினார். யாரும் தட்டாமலே அவர் கால் நன்றாக வேலை செய்தது.

சங்கிலி, மாமியாரின் தலையணை உறைக்குள்ளேயே கிடந்தது.

தட்டினால் கால் தானாகத் துள்ளும். மூளைக்கு அந்த வசதி கிடையாது ஐயா, நாமேதான் எழுப்ப வேண்டும்.