மாப்பிள்ளை இரண்டாம் முறை குளித்த கலியாணம்

நான் செய்த பிழையை என் தங்கையின் மகள் தலையில் கட்டிவிட்டு, அதே மண்டபத்தில் பந்தி விசாரித்துக்கொண்டு திரிந்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிச்சக் கதையைக் கேட்டுச் சிரிக்கிறவர்கள் என்னை நல்ல மனிதன் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தப் பெயரையும் சுமந்துகொண்டு திரிய இந்த வயதில் தெம்பில்லை.

என் இளைய மகளின் கலியாணத்துக்கு அந்தத் தங்கை மகள் தாரணி பாரிஸிலிருந்து வந்திருந்தாள். பதினாறு வயதுவரை எங்கள் வீட்டில் வளர்ந்து, பிறகு தாயிடம் போனவள். அங்கே பெரியதொரு சென்ட் கடையில் வேலை. மணமகளுக்குப் பரிசாக ஒரு போத்தல் கொண்டுவந்திருந்தாள். கனத்த, சதுரமான, திருகுமூடி போட்ட போத்தல். விலையைக் கேட்ட என் மனைவி, மேசை ஓரத்தில் இருந்ததை மெதுவாக நடுவுக்குத் தள்ளி வைத்தாள்.

நான் காலமெல்லாம் ரசாயனம் படிப்பித்தவன். (வாயை மூடிக்கொண்டு இருக்க எந்தக் கல்லூரியிலும் எனக்குப் படிப்பிக்கவில்லை.) "அற்ககோலும் கொஞ்ச எண்ணெயும்தானே பிள்ளை. உலகம் முழுக்க அள்ளிக்கொண்டு போறதுக்கு உதிலை என்ன கிடக்கு?" என்று கேட்டேன்.

"அங்கை குழந்தையளைத் தோடம்பழப் பூ வாசத் தண்ணியாலைதான் துடைப்பினம், மாமா. வளந்தாப்போலை கடைக்கு வந்து இதை ஒருக்கால் மணந்தவுடனை, ஏனெண்டு தெரியாமலே மனம் இளகிப் போகும். காசை எடுத்திடுவினம். முன்னைப் பின்னை தெரியாத மணத்துக்கு ஒருத்தரும் உவ்வளவு குடுக்கமாட்டினம். தெரிஞ்ச மணத்தைப் புதுப் போத்திலிலை குடுக்கவேணும்."

"அப்ப நாளைக்கு நீயும் போடு."

"சீ, நாளைக்கு வேண்டாம். இஞ்சை வேறை மாதிரி நினைப்பினம்."

பகட்டுக்காரி என்று நினைப்பார்கள் என்பதைத்தான் சொல்கிறாள் என்று நான் விளங்கிக்கொண்டேன். மூடியைத் திறந்து மணந்தும் பார்த்தேன். நெஞ்சுக்குள் என்னவோ செய்தது. கண் கூடக் கலங்கியது. விலைக்கேற்ற சரக்கு என்று முடிவு கட்டினேன்.

மறுநாள் காலை ஒருவரும் பார்க்காத நேரம் பரிசு மேசையிலிருந்து போத்தலை எடுத்து, பன்னீர் தெளிக்கிற வெள்ளிச் செம்புக்குள் முழுவதையும் ஊற்றினேன். பாரிஸ் சென்ட் தெளித்து வரவேற்ற கலியாணம் என்று ஊர் ஒரு வருடத்துக்காவது கதைக்கவேண்டும் என்பது என் ஆசை. (கதைத்தது. இன்னும் கதைக்கிறது.)

மேளம் முழங்க மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். செம்போடு வாசலில் நின்ற பெண் பிள்ளையை விலத்திவிட்டு நானே வாங்கிக்கொண்டேன். வந்தவர் போனவர் எல்லோர் மேலும் விசிறினேன். மாப்பிள்ளைக்கு இரண்டு மடங்கு.

முதலில் மாப்பிள்ளையின் பெரியம்மா நின்றார். மூக்கை உறிஞ்சினார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மத் தொடங்கினார். முந்தின வருடம்தான் கணவரை இழந்தவர். "என்னக்கா?" என்று கிட்ட வந்த மாப்பிள்ளையின் தாயும் மணந்தார். என்னைப் பார்த்து, மிகுந்த அக்கறையோடு, "இஞ்சை ஆர் அண்ணை செத்தது?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிக்கொலோன். எங்கள் ஊரில் பிரேதத்தின் மேல் தெளிக்கிற அதே வாசம். முதல்நாள் என் நெஞ்சைப் பிசைந்தது பாரிஸ் அல்ல, என் ஐயாவின் செத்தவீடு. தெரிந்த மணம்தான் மனதை இளக்கும் என்று தாரணி சொன்னது முழு உண்மை. அடுத்த சில நிமிடங்களில் இன்னும் மூன்று நான்கு பேர் அழத் தொடங்கிவிட்டார்கள். நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"செத்தவீட்டு மணத்தோடை பெடியன் மணவறையிலை ஏறேலாது. தோஞ்சிட்டு வரட்டும்" என்றார் மாப்பிள்ளையின் தகப்பன்.

"அப்ப கெதியாத் தோயச் சொல்லுங்கோ. முகூர்த்தம் போகப்போகுது" என்றார் ஐயர்.

சமையற்காரர் கிடாரம் கழுவுகிற தொட்டியடியில், அவர்களில் ஒருவர் கொடுத்த சாறத்தைக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை குளித்தார். தலைப்பாகையையும் அலசினார்கள். தாலி கட்டும்போது அதிலிருந்து சொட்டிய தண்ணீர் மகளின் முகத்தில் வடிந்தது. வீடியோவைப் பார்க்கிறவர்கள் அவள் பிரிவைத் தாங்காமல் அழுவதாக நினைக்கிறார்கள்.

ஆனால் அதற்கு முன்பே, வாசலில், "ஆற்றை வேலை உது?" என்று சம்பந்தி கேட்டிருந்தார்.

"பிரான்ஸிலை இருந்து வந்த பிள்ளை கொண்டுவந்தது. அவவுக்கு எங்கடை வழக்கம் தெரியாது" என்றேன்.

தாரணி பூத்தட்டோடு பக்கத்திலேயே நின்றாள். என்னைப் பார்த்தாள். "வெளிநாட்டுக்காறருக்கு எடுப்பும் பகட்டும் கூடிப்போச்சு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். தட்டை வைத்துவிட்டுச் சமையற்கட்டுப் பக்கம் போனவள், குடும்பப் படத்துக்குக் கூப்பிட்டபோதும் வரவில்லை. ஒரு மாத விடுமுறையில் வந்தவள் அந்தக் கிழமையே திரும்பிவிட்டாள். பிறகு எந்த நன்மை தின்மைக்கும் வரவில்லை.

எனக்கு வாய் திறக்கச் சில வருடங்கள் பிடித்தன. ஒருநாள் சம்பந்தி வீட்டுக்குப் போய், குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, உண்மையைச் சொன்னேன். சம்பந்தியம்மா ஆறுதலாகக் கேட்டுவிட்டு, "தெரியும் அண்ணை. செம்பு உங்கடை கையிலைதானே இருந்தது. உங்கடை மரியாதைக்காகப் பேசாமல் விட்டனாங்கள்" என்றார்.

அன்றிரவே பாரிஸுக்குத் தொலைபேசி எடுத்தேன். சம்பந்தி வீட்டில் சொன்னதைத் தாரணிக்கும் சொன்னேன்.

"மாமா, நான்தான் செய்தனெண்டு சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. அந்த வீட்டிலை வளந்த எனக்கு எங்கடை வழக்கம் தெரியாதெண்டு சொல்லிப்போட்டியள்."

நான் மன்னிப்புக் கேட்டேன். "சரி மாமா" என்றாள். அவ்வளவுதான்.

போன ஆடி மாதம் கணவனோடும் சின்ன மகளோடும் வந்தாள். மேல் அறையைக் கழுவிப் புது விரிப்பு விரித்து வைத்திருந்தேன். அவர்கள் யாழ்ப்பாண நகரத்தில் ஹொட்டலில் தங்கினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் வந்தார்கள். மனைவி சாப்பிடக் கூப்பிட்டதும் அன்று தொட்டியடியில் குளித்த என் மருமகன் வழக்கம்போல, "மாமா, குளிச்சிட்டு வரவோ?" என்றார். (வங்கியில் கடன் எடுக்கப் போனபோதும் இதையே கேட்டவர்.) எல்லோரும் சிரித்தார்கள். தாரணியும் சிரித்தாள். கதை தெரியாத அவள் மகளுக்கு ஆளுக்கொரு பக்கமாகச் சொல்லி, ஈரத் தலைப்பாகையில் கொண்டுவந்து முடித்தார்கள். எங்கள் வீட்டில் அது எப்போதும் அங்கேதான் முடியும்.

"பிறகு, தாத்தா?" என்று பிள்ளை என்னைக் கேட்டது.

"பிறகு, உங்கடை அம்மாதான் காரணமெண்டு தாத்தா பொய் சொன்னவர்" என்றேன்.

தாரணி சொதியை எடுத்து மகளின் சோற்றில் விட்டாள். "கேட்டனிதானே? இப்ப சாப்பிடு."

பின்னேரம் அவர்களை ஏற்றிப்போக வான் வந்தது. ஏறும்போது திரும்பி, "நாளைக்கும் மத்தியானம் வாறம் மாமா. மீன் வாங்கி வையுங்கோ" என்றாள்.

காலமை குருநகர் மீன் சந்தைக்குப் போய், என்னால் தூக்கக்கூடியதில் பெரிய விளைமீனாக வாங்கிவந்தேன். சொன்னபடி வந்தார்கள். சட்டியில் குழம்பு மிச்சம் வரவில்லை. படுக்கிறதுக்கு ஹொட்டலுக்குப் போனார்கள்.